ஹார்வி குஷிங்: நாசி வழியே மூளையின் அடிவாரம் கண்டவர்

இருளில் நடப்பவனுக்கு ஊன்றுகோல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதன இரணவைத்தியனுக்கு உடலின் அகத்தே அமைந்துள்ள எல்லைக் குறிகள். புறத்தே நின்று நோக்கும் நமக்குச் சரீரம் ஒரே பரப்பாகத் தோன்றும். கத்தி பிடித்து உட்செல்வோனுக்கோ அது மேடும் பள்ளமும், வாயிலும் மதிலும், ஆறும் கால்வாயும் நிறைந்ததொரு நாடு. அந்நாட்டில் இன்ன மேட்டுக்கு இப்பால் உலாவலாம், இன்ன மதிலுக்கு அப்பால் மயிரிழையளவும் செல்லலாகாது என்று ஐயமற அறிந்தவனே நோயாளியை உயிருடன் மீட்டுக் கொணர வல்லவன்.

இவ்வுண்மை மூக்கின் உட்புறத்தில் விளங்குவது போல வேறெங்கும் அத்துணைத் தெளிவாக விளங்குவதில்லை. மூக்கிற்கும் மூளைக்கும் இடையே காவலாக நிற்பது சில இடங்களில் மிக மெல்லியதோர் எலும்புத் தகடே. பண்டை எகிப்தியர் இறந்தோர் உடலைப் பதனிடுங்கால் நாசி வழியே கருவியைச் செலுத்தி மூளையை அகற்றினர் என்பர். இறந்தோரிடத்து எளிதாயிருந்த அவ்வழி, உயிருள்ளோரிடத்து 20-ஆம் நூற்றாண்டு வரை அடைபட்டே கிடந்தது. அதனைத் திறந்து செப்பனிட்டோருள் தலைசிறந்தவர் அமெரிக்க தேசத்து டாக்டர் ஹார்வி குஷிங் என்பவர். வியப்பு யாதெனில், தாம் அரும்பாடுபட்டுச் செப்பனிட்ட அவ்வழியைத் தாமே பின்னர்க் கைவிட்டவரும் அவரே. கைவிடப்பட்ட அப்பாதை மீண்டும் பெருவழியாகியது எங்ஙனம் என்பதையும், அவ்வழிக்கு உயிராயுள்ள எல்லைக் குறிகள் யாவை என்பதையும் அப்பெரியாரின் சரித்திரத்தோடு சேர்த்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த கிளீவ்லண்டு நகரில், 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆந் தேதி, பத்து மக்களுள் கடைக்குட்டியாக ஹார்வி குஷிங் பிறந்தார். அவருடைய தந்தையும் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் வைத்தியத் தொழில் செய்தவர்களே. எனவே அத்தொழில் அவருக்குக் குலவித்தை போல வந்தமைந்தது எனலாம். 1887-ஆம் ஆண்டில் ஏல் சர்வகலாசாலையிற் சேர்ந்து, படிப்போடு பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திலும் பெயர் பெற்று, 1891-இல் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு வைத்தியக் கலாசாலையிற் பயின்று 1895-இல் வைத்தியரானார்.

மாணவப் பருவத்தில் நிகழ்ந்ததொரு துயரச் செய்தி அவர் வாழ்வின் போக்கையே உருவாக்கியது. அக்காலத்தில் நோயாளிக்கு ஈதர் என்னும் மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பைப் போதிய பயிற்சியில்லாத மாணாக்கரிடமே ஒப்புவிப்பது வழக்கம். அங்ஙனம் ஒருநாள் குஷிங் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கையில் நோயாளி அவர் கண்முன்னரே உயிர் நீத்தார். மனமுடைந்த மாணவர் வைத்தியக் கல்வியையே துறந்துவிட எண்ணினார். ஆயினும் துறந்தாரல்லர். தம் உடன்பயின்ற கோட்மன் என்பவரோடு சேர்ந்து, மயக்கத்திலிருக்கும் நோயாளியின் நாடி, சுவாசம் முதலியவற்றை வினாடி தவறாது கவனித்துக் குறித்து வைக்கும் அட்டவணை ஒன்றை வகுத்தார். ஈதர் அட்டவணை எனப் பெயர் பெற்ற இது, மயக்க மருந்து வைத்தியத்தில் இன்று எங்கும் கைக்கொள்ளப்படும் குறிப்பேடுகளுக்கு முன்னோடியாயிற்று. துயரத்தை எழுத்தாக்கிப் பிறருக்குப் பாதுகாப்பாக மாற்றும் இவ்வழக்கமே அவர்தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து நின்ற குணம்.

1896-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையை அடைந்து ஹால்ஸ்டட் என்னும் பேராசிரியரிடம் இரணவைத்தியம் பயின்றார். விரைந்து அறுப்பதே திறமை என்று பலர் கருதிய அந்நாளில், மெல்லத் தொட்டு, இரத்தம் சிந்தாது காத்து, திசுக்களை நசுக்காது பணிபுரிதலே சிறப்பு என்று போதித்தவர் ஹால்ஸ்டட். அவ்வைத்தியசாலையில் எக்ஸ்-கதிரை ஆர்வத்துடன் கையாண்டவர்களுள் குஷிங் முற்பட்டவர். அங்கே சித்திரம் வரைந்து வந்த மாக்ஸ் புரோடல் என்பவரிடம் சித்திரக்கலையும் கற்றார். அறுவை முடிந்ததும் தாம் கண்டதை உடனுக்குடன் வரைந்து வைக்கும் பழக்கம் அவரை ஒருநாளும் விட்டகன்றதில்லை. அடுத்த வீட்டில் வாழ்ந்த சர் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவ மேதை அவருக்கு வழிகாட்டியாகவும், நூல்கள்பால் தணியாத காதலை ஊட்டியவராகவும் அமைந்தார்.

1900-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற குஷிங், பெர்ன் நகரில் கோக்கரிடமும் லிவர்பூல் நகரில் ஷெரிங்டனிடமும் ஆராய்ச்சி புரிந்தார். மண்டையோட்டின் உள்ளே அழுத்தம் மிகுங்கால் இரத்த அழுத்தமும் உடன் உயர்கின்றது என்று அங்கே தெளிந்துணர்ந்தார். இத்தாலிய தேசத்துப் பாவியா நகரில் ரீவா-ரோச்சி அமைத்த இரத்த அழுத்தமானியைக் கண்டு, அதன் அமைப்பைக் குறித்துக்கொண்டு 1901-இல் அமெரிக்காவுக்குக் கொணர்ந்தார்.

மூளையின் அடிவாரத்துச் சிறு சுரப்பி

தாயகம் திரும்பிய சின்னாட்களில் அவரிடம் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சிகிச்சைக்கு வந்தாள். தலைவலி, மங்கிவரும் பார்வை, பருவத்திற்கேற்ற வளர்ச்சியின்மை, உடற்பருமன் ஆகிய இவற்றால் வருந்திய அவளுக்கு மூளையில் கட்டியிருத்தல் கூடும் என்று குஷிங் ஊகித்தார். ஆனால் அது எவ்விடத்தது என்பது புலப்படவில்லை. மண்டையோட்டைத் திறந்து தேடியும் பயனில்லை. அச்சிறுமி இறந்தபின் சோதித்த பொழுதுதான் கட்டி பிட்யூட்டரி சுரப்பியிடத்தே இருந்தமை வெளியாயிற்று. உடலின் குறிகள் அனைத்தும் அவ்விடத்தைச் சுட்டிக் காட்டியும், அவற்றைப் படிக்கும் எழுத்தறிவு அந்நாளில் யாருக்கும் இருந்ததில்லை. குஷிங் இச்செய்தியை மறைத்தாரல்லர். 1906-ஆம் ஆண்டில் அச்சிட்டு உலகறியச் செய்தார். அதுமுதல் அச்சுரப்பியை ஆராய்தலைத் தம் வாழ்வின் பெரும்பணிகளுள் ஒன்றாக மேற்கொண்டார்.

பிட்யூட்டரி என்பது ஏறத்தாழ அரை கிராம் நிறையுள்ள, பட்டாணிக் கடலையளவினதாகிய சிறு சுரப்பி. மூளையின் அடியில் ஒரு காம்பினால் தொங்கி, ஸ்பீனாய்டு எனப்படும் ஆப்பு எலும்பின் மேற்புறத்துள்ள குழிவிலே அது அமர்ந்துள்ளது. முன்னும் பின்னும் உயர்ந்து நடுவே தாழ்ந்த அக்குழிவு குதிரைச் சேணம் போன்றிருத்தலின் துருக்கச் சேணம் என்று பெயர் பெற்றது. மூளையின் கழிவாகிய கபம் இச்சுரப்பி வழியே மூக்கினுள் இறங்குகின்றது என்று பழைய வைத்தியர் நம்பினர். கபச்சுரப்பி என்னும் பெயர் அப்பழங்கொள்கையின் எச்சம். 17-ஆம் நூற்றாண்டில் விட்டன்பர்க் நகரத்துப் பேராசிரியர் ஷ்னைடர் என்பவர், மூக்கின் சளி மூக்கினுள்ளே போர்த்தியுள்ள மெல்லிய தோலிலேயே ஊறுவது என்று காட்டி அக்கொள்கையைத் தகர்த்தார். கபம் இறங்கும் வழி அங்கில்லை. ஆயினும் வைத்தியன் ஏறிச்செல்லும் வழி அங்கே ஒன்று காத்திருந்தது.

இச்சுரப்பியில் கட்டி தோன்றின் விளையும் தீங்கு பெரிது. சிலருக்குக் கையும் காலும் தாடையும் அளவின்றி வளரும். மேல்நோக்கி வளருங் கட்டி, இரு கண்களின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இடத்தை அழுத்தும். அதனால் இருபுறத்து ஓரப் பார்வையும் முதலிற் கெட்டு, நாளடைவில் குருடே நேரும். ஆதலின் அக்கட்டியை அகற்றுதல், கண்ணைக் காப்பாற்றுதலே யாகும்.

நாசி வழி

சுரப்பியைச் சென்றடைய இரு வழிகளே உண்டு. மண்டையோட்டைத் திறந்து மூளையைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து இறங்குதல் ஒன்று. மூக்கின் வழியாக ஆப்பு எலும்பின் காற்றறையைத் திறந்து கீழிருந்து ஏறுதல் மற்றொன்று. இரண்டாம் வழியில் முதன்முதல் வெற்றி கண்டவர் இன்ஸ்புருக் நகரத்து ஷ்லோஃபர் என்பவர். 1907-ஆம் ஆண்டில் அவர் மூக்கையே பக்கவாட்டில் அறுத்துத் திருப்பி உட்சென்றார். 1910-இல் வியன்னா நகரத்து மூக்கு வைத்தியராகிய ஆஸ்கர் ஹிர்ஷ், முகத்தில் வடுவே தோன்றாதபடி நாசித் துவாரத்தின் வழியாகவே சென்றார். அதே ஆண்டில் சிகாகோ நகரத்து இரணவைத்தியர் ஒருவர் மேலுதட்டின் உட்புறத்தே வாயில் திறந்தார்.

குஷிங் 1909-இல் கைகால் பெருத்த நோயாளி ஒருவருக்கு இச்சிகிச்சையை முதன்முறையாகச் செய்தார். அதன்பின் பிறர் கண்ட நலங்களையெல்லாம் ஒன்று சேர்த்துத் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். மேலுதட்டை உயர்த்தி, ஈறுக்கு மேலே உட்புறத்தில் கீறி, மூக்கின் நடுச்சுவரை இருமருங்கும் போர்த்துள்ள தோலை அதினின்றும் மெல்ல உரித்துப் பிரிப்பார். இரண்டு தோல்களுக்கும் நடுவே நிற்கும் குருத்தெலும்பிலும் எலும்பிலும் வேண்டுமளவு நீக்கி, அவ்விடைவெளியில் விரிகருவியைச் செலுத்திப் பாதையை அகற்றுவார். நெற்றியிற் கட்டிய விளக்கின் ஒளியே அவருக்குத் துணை. அவ்வொடுங்கிய குகையின் கோடியில் ஆப்பு எலும்பின் முகப்புத் தோன்றும். அதனைத் திறந்து காற்றறையுட் புகுந்தால் எதிரே சேணத்தின் அடிப்புறம் சிறு மேடாகப் புடைத்து நிற்கும். அம்மேட்டின் எலும்பை நீக்கி, மூளையுறையைக் கீறிக் கட்டியை அடைவார்.

இம்முறையின் இரகசியம் நடுக்கோடு பிறழாமையே. மூக்கின் நடுச்சுவரைப் பற்றிச் செல்வோன் வழிதவறான். ஏனெனில் அச்சுவர் பின்னே சென்று முடியும் இடத்தில், கலப்பையின் கொழுவைப் போன்றமைந்த கொழு எலும்பு ஆப்பு எலும்பின் நடுமுனையைக் கவ்விக்கொண்டு நிற்கின்றது. அதுவே இவ்வழியின் முதல் எல்லைக்கல். அந்நடுக்கோட்டினின்றும் சற்றே விலகினால் விளைவது யாது? வலமும் இடமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கராட்டிட் தமனிகள் மறைந்து கிடக்கின்றன. சிலரிடத்து அவ்விரண்டிற்கும் இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளியே இருத்தலும் உண்டு. மேலே பார்வை நரம்புகள். கீழே பின்புறத்தில் எலும்புச் சரிவு. அச்சரிவுக்கு அப்பால் உயிர்நிலையாகிய மூளைத்தண்டு. நாற்புறமும் மரணம் சூழ, நடுவே ஒரு விரற்கடை வாழ்வு.

இத்தகைய வழியில் 1910 முதல் 1925 வரை குஷிங் 231 பிட்யூட்டரிக் கட்டிகளுக்குச் சிகிச்சை புரிந்தார். அவற்றுள் சிகிச்சையால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 5.6 என்பது கணக்கு. கிருமிகளைக் கொல்லும் பெனிசிலின் முதலிய மருந்துகள் தோன்றாத காலம் அது. உருப்பெருக்கும் கருவிகள் அறுவைச் சாலைக்கு வாராத காலம். அத்தகைய காலத்தில் இவ்வெண் எய்தப்பட்டதற்குக் காரணம், அவர் கண்ணினும் மேலாகக் குறிகளை நம்பினார் என்பதே.

புகழும் பணியும்

1912-ஆம் ஆண்டில் பிட்யூட்டரி சுரப்பியையும் அதன் நோய்களையும் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டே ஹார்வர்டு சர்வகலாசாலையில் இரணவைத்தியப் பேராசிரியராக அமர்ந்து, பாஸ்டனில் புதிதாக எழுந்த பீட்டர் பென்ட் பிரிகாம் வைத்தியசாலையின் தலைமை இரணவைத்தியரானார். முதல் உலக யுத்தத்தில் 1915-இலும், பின்னர் 1917 முதலும் பிரான்சிலும் பிளாண்டர்ஸிலும் தங்கி, மூளையிற் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். காந்தத்தின் உதவியால் மூளையினுள் பதிந்த இரும்புத் துணுக்குகளை வெளிக்கொணர்ந்தார். தம் ஆசானாகிய ஆஸ்லரின் ஒரே மகன் 1917-இல் படுகாயமுற்று உயிர்விட்டபோது அருகிருந்து காணும் கொடுந்துயரும் அவருக்கு நேர்ந்தது. 1918-இல் நரம்பு நோயொன்று அவரைத் தாக்கிக் கால்களை வலிவிழக்கச் செய்தது. அதன் குறை கடைசிவரை நீங்கிற்றில்லை.

ஆஸ்லர் மறைந்தபின் அவர் சரித்திரத்தை இரு பெருந் தொகுதிகளாக எழுதி 1925-இல் வெளியிட்டார். அதற்கு 1926-ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவருடைய மூத்த குமாரர் மோட்டார் விபத்தொன்றில் இறந்தார். செய்தியறிந்த தந்தை, மனைவிக்குத் தெரிவித்துவிட்டு, அன்று குறித்திருந்த சிகிச்சையை முடித்த பின்னரே வீடு சென்றார். அதே 1926-இல் போவி என்னும் பௌதிக அறிஞர் அமைத்த மின்சாரக் கத்தியைக் கையாண்டு, அதுகாறும் தீண்டலாகாதெனக் கருதிய கட்டிகளையும் அகற்றத் தொடங்கினார். 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆந் தேதி மூளைக் கட்டிச் சிகிச்சையில் 2000 என்னும் எண்ணை எய்தினார்.

அவர்பால் குறையே இல்லை என்று கூறின் அது உண்மைக்கு மாறாகும். உடன் பணிபுரிந்தோரிடத்து அவர் கடுஞ்சொல் வழங்கியதுண்டு; வீட்டினும் வைத்தியசாலையிலேயே பெரும்பொழுதும் கழித்ததுண்டு. எனினும் நோயாளியிடத்து அவர் காட்டிய பரிவும், சிகிச்சை பெற்றோரைப் பல்லாண்டுகள் கடிதமூலம் தொடர்ந்து உசாவி அவர்தம் நிலையைக் குறித்துவந்த விடாமுயற்சியும் அவர் சரித்திரம் அறிந்தோர் யாவரும் ஒப்புக்கொள்வன.

கைவிட்ட வழி

அப்பெரியார் 1920-களின் பிற்பகுதியில் நாசி வழியைச் சிறிது சிறிதாகத் துறந்து, மண்டையோட்டைத் திறக்கும் மேல்வழியையே கைக்கொண்டார். காரணம் இல்லாமலில்லை. சேணத்திற்கு மேலே எழும்பிய கட்டிகளைக் கீழிருந்து முழுதும் காண்டல் அரிது. மேலிருந்து சென்றால் பார்வை நரம்புகளைக் கண்ணாரக் கண்டு விடுவிக்கலாம். மூக்கின் கிருமிகள் மூளையுறையைப் பற்றும் அச்சமும் ஆண்டில்லை. மின்சாரக் கத்தியும் நெடிய அனுபவமும் மேல்வழியின் அபாயத்தைக் குறைத்துவிட்டன. தம் பெயரால் வழங்கிய முறையாயினும், நோயாளிக்கு அதனினும் நல்லது பிறிதொன்று உளது என்று தம் கணக்கேடு காட்டியபோது அதனை விடுதற்கு அவர் கூசவில்லை. ஆசிரியர் விட்டதை மாணவரும் விட்டனர். நாசி வழி உலகெங்கும் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

இவ்வாறிருக்க, 1932-ஆம் ஆண்டில் குஷிங் மற்றொரு பெரும் உண்மையை வெளியிட்டார். முகம் வட்டமாய் உப்பி, உடல் பருத்து, கைகால் மெலிந்து, இரத்த அழுத்தம் மிகுந்து, எலும்பு நைந்து வருந்திய பன்னிரு நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்து, இந்நோய்க்கு வித்து பிட்யூட்டரியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியே என்று துணிந்து கூறினார். குஷிங் நோய் என இன்றும் வழங்குவது இதுவே. அத்துணைச் சிறிய கட்டியைச் சுரப்பிக்கு ஊறின்றித் தேடி எடுக்கவல்ல முறை அந்நாளில் ஒருவரிடத்தும் இல்லை.

அவ்வாண்டே ஹார்வர்டினின்று ஓய்வு பெற்று, 1933-இல் தாம் பயின்ற ஏல் சர்வகலாசாலைக்குப் பேராசிரியராகச் சென்றார். இறுதி ஆண்டுகளில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர், மனித உடலமைப்பை நேரிற் கண்டு 1543-இல் பெருநூல் இயற்றிய வெசாலியஸ். அவருடைய நூற்பதிப்புகளையெல்லாம் தேடிச் சேர்த்து, அவற்றின் வரலாற்றை எழுதி வருங்கால், 1939-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆந் தேதி இருதய நோயால் நியூ ஹேவன் நகரில் குஷிங் காலமானார். அவர் விட்டுச்சென்ற அந்நூல் வெசாலியஸின் பெருநூல் தோன்றிய நானூறாம் ஆண்டாகிய 1943-இல் வெளிவந்தது. அவர் சேர்த்த நூல்கள் ஏல் சர்வகலாசாலைக்கே சேர்ந்தன. அவர் பாதுகாத்து வைத்த மூளைகளும், நோயாளிகளின் நிழற்படங்களும், குறிப்புகளும் 2010-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள காட்சிசாலையில் வைக்கப்பட்டுள்ளன.

மீண்ட வழி

வழி மறைந்தது, ஆயினும் வழியறிந்தவர் ஒருவர் எஞ்சியிருந்தார். 1923-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரினின்றும் பாஸ்டனுக்கு வந்து குஷிங்கிடம் பயின்ற நார்மன் டாட் என்பவரே அவர். ஊர் திரும்பிய டாட், விரிகருவியின் முனையில் சிறு விளக்குகளைப் பொருத்தி, ஆசிரியர் துறந்தபின்னும் அம்முறையைத் தாம் துறவாது போற்றிவந்தார். 1956-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இரணவைத்தியர் ழெரார் கியோ அவரிடம் வந்து அதனைக் கண்டு வியந்து, பிரான்சில் மீண்டும் தொடங்கினார். கியோவிடம் கற்ற கனடா தேசத்து ஜூல் ஹார்டி, 1960-களில் உருப்பெருக்கிக் கண்ணாடியை அறுவைக்குத் துணையாக்கினார். அதனால், சுரப்பியைச் சிதைக்காமல், அதனுள் மறைந்த சில மில்லிமீட்டர்க் கட்டியை மட்டும் கிள்ளியெடுத்தல் இயல்வதாயிற்று. கிருமிகளை அடக்கும் மருந்துகளும், சுரப்பு குன்றியோர்க்கு ஈடுசெய்யும் கார்ட்டிசோன் மருந்தும் அதற்குள் தோன்றியிருந்தன. குஷிங் அஞ்சிய அபாயங்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன.

மூக்கு வைத்தியரும் இதற்கிடையே வாளாவிருந்தாரல்லர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுக்கர்காண்டல் என்னும் உடற்கூற்றறிஞர் நாசியின் அறைகளையெல்லாம் அறுத்தாய்ந்து விரிவாக வரைந்து வைத்திருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து தேசத்து ஹாரல்ட் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளால் அமைத்த எண்டாஸ்கோப் என்னும் உள்நோக்கிக் குழல், அதுவரை இருண்டிருந்த குகைக்கு ஒளியூட்டியது. கிராட்ஸ் நகரத்து மெசர்கிளிங்கர் அக்குழலால் நாசியறைகளை நுணுகி ஆராய்ந்தார். 1990-களில் மூக்கு வைத்தியரும் மூளை வைத்தியரும் கைகோத்து, உதட்டுக் கீறலும் விரிகருவியும் இன்றி, குழலின் துணைகொண்டே பிட்யூட்டரியை அடைந்தனர்.

இன்று குழலைச் செலுத்துவோன் பின்பற்றும் எல்லைக் குறிகளைக் கூறுவோம். நாசியுட் புகுந்தவுடன் பக்கச் சுவரில் சுருண்டு தொங்கும் எலும்புகள் தோன்றும். அவற்றுள் நடுச்சுருளே முதல் வழிகாட்டி. அதன் வெளிப்புறத்தே கொக்கி போன்ற சிற்றெலும்பும், அதன்பின் கொப்புளம் போன்ற காற்றறையும், அதன்பின் நடுச்சுருளைச் சுவரோடு பிணைக்கும் தகடும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைகள் போல நிற்கின்றன. நாசியறை நோய்க்குச் சிகிச்சை செய்வோன் இத்திரைகளை முறையே எண்ணிக் கடப்பான். எண்ணிக்கை பிசகின் கண்ணறையிலோ மூளையுறையிலோ கருவி பாயும். பிட்யூட்டரியை நாடுவோனோ நடுச்சுவரை ஒட்டிப் பின்னாசி வாயிலை அடைந்து, அதன் மேல்விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் மேலேறி, மேற்சுருளின் உட்புறத்தே ஆப்பு எலும்புக் காற்றறையின் இயற்கை வாயிலைக் காண்பான்.

வாயிலை அகற்றி உள்நோக்கின், ஒரு முகத்தைக் காண்பது போலிருக்கும். நடுவே சேணத்தின் புடைப்பு. அதன்கீழ் எலும்புச் சரிவு. இருமருங்கும் கராட்டிட் தமனிகளின் புடைப்பு. மேலே இருபுறமும் பார்வை நரம்புகளின் வரம்பு. நரம்பிற்கும் தமனிக்கும் இடையே ஒரு சிறு குழிவு. இக்குழிவை அடையாளம் கண்டவனுக்கு இரண்டும் எங்குள்ளன என்பது தெளிவாகும். சிலரிடத்து அவற்றின்மேல் எலும்பே இராது, மெல்லிய தோல் மட்டுமே போர்த்திருக்கும். காற்றறையின் உள்ளே நிற்கும் இடைத்தடுப்பு நடுக்கோட்டைக் காட்டும் என்று நம்புவோன் ஏமாறுவான். அது பலரிடத்துக் கோணலாகச் சென்று தமனியின்மேலேயே முடிவதுண்டு. மெய்யான நடுக்கோட்டைக் காட்டுவது, அன்று குஷிங் பற்றிச் சென்ற கொழு எலும்பே. கருவியின் முனை எங்குள்ளதெனப் படத்திற் காட்டும் கணிப்பொறிகள் இன்று உளவாயினும், குறிகளை அறியாதவன் கையில் அவை குருடன் கைவிளக்கே.

முடிவுரை

குஷிங் நோய்க்கு இன்று முதன்மையான சிகிச்சை யாது என்று வினவின், நாசி வழியே சென்று அச்சிறு கட்டியை அகற்றுதலே என்பது விடை. அவர் பெயர் தாங்கிய நோய், அவர் கைவிட்ட வழியினாலேயே தீர்கின்றது. இதனை விதியின் விளையாட்டு என்று வியந்து அமைதல் போதாது. அவர் வழியை விட்டாரேயன்றி, அவ்வழியில் தாம் கண்டதை மறைத்தாரல்லர். ஒவ்வொரு சிகிச்சையையும் எழுதினார், வரைந்தார், எண்ணினார், வெற்றியோடு தோல்வியையும் அச்சிட்டார், மாணவருக்குக் கையிற் கற்பித்தார். ஆதலினன்றோ ஒளியும் மருந்தும் வந்த காலத்துப் பின்வந்தோர் புதிதாய்த் தேட வேண்டாது, நட்ட கற்களைத் தொட்டுத் தொட்டுச் சென்றனர்?

மாணாக்கர்காள்! எக்கலை பயில்வோர்க்கும் இச்சரிதம் உரைப்பது ஒன்று. ஒருவன் எடுத்த முடிவு அவன் காலத்தோடு மாறலாம். அவன் உண்மையாய்க் கண்டு பிழையறக் குறித்து வைத்த அடையாளம் மாறுவதில்லை. நாம் செல்லும் வழி நமக்கே பயன்படாது போயினும் போகுக. அதன் மருங்கில் ஒரு கல்லையேனும் நேராக நட்டுச் செல்வோமாயின், நம் முகமறியாத ஒருவன் ஒருநாள் அதனைத் தொட்டு வழியறிவான். அவனால் ஒருவர் கண்ணொளி பெறுவார்.